‘என் உடம்புதான் காரணமா டாக்டர்?’: பிறந்த மூன்றாம் நாள் குழந்தையை இழந்த வாசகிக்குப் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 22. அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். நூற்பாலையில் ஷிப்ட் வேலை. உயரம் 149 செ.மீ., எடை 40 கிலோ. முதல் கர்ப்பத்தில் ஐந்தாம் மாதம் நீர்க்கடுப்பு வந்தது. மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு நாளில் எரிச்சல் நின்றதும் விட்டுவிட்டேன். ஏழாம் மாதம் ரத்தம் 8.1 என்றார்கள். 31-வது வாரத்தில் ஒரு நாள் இரவு 9 மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. வலி இல்லை. ‘வலி வராமல் போனால் கத்தி வைத்துவிடுவார்கள், பொறு’ என்றார் மாமியார். மறுநாள் மதியம் 1 மணிக்குப் போனபோது எனக்குக் காய்ச்சல். ஒரு ஊசி போட்டார்கள். சாயங்காலம் 6 மணிக்கு சுகப்பிரசவம், ஆண் குழந்தை, 1,380 கிராம். மூன்றாம் நாள் இறந்துவிட்டான். ஒரு முறைதான் பார்த்தேன். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘தாய் சார்ந்த ஆபத்துக் காரணிகள்’ என்று நான்கு வரி இருக்கிறது. வீட்டில் பப்பாளி தின்றதையும் வண்டியில் போனதையும் சொல்லிக்காட்டுகிறார்கள். எட்டு மாதம் ஆகிறது. சீக்கிரம் அடுத்த குழந்தை வேண்டும் என்கிறார்கள். என் உடம்புதான் காரணமா? அடுத்ததும் இப்படி ஆகுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் பப்பாளியை முடித்துவிடுவோம். பழுத்த பப்பாளி சாப்பிட்டதால் 31-வது வாரத்தில் பனிக்குடம் உடையாது. பச்சைக் காயின் பாலில் இருக்கும் பொருள் விலங்குச் சோதனைகளில் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்திருக்கிறது. அதனால் பச்சைக் காயைத் தவிர்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனதும் காரணமில்லை. இந்த இரண்டையும் இன்றோடு வீட்டில் பேசாமல் விடச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் இந்தப் பதிலையே படித்துக் காட்டுங்கள்.

அடுத்து அந்த நான்கு வரிகள். ‘ஆபத்துக் காரணி’ என்றதும் குற்றப்பத்திரிகை போல இருக்கிறது. ஆனால் மருத்துவத்தில் அதன் பொருள் வேறு. ரத்தசோகை உள்ள ஆயிரம் தாய்மார்களையும் இல்லாத ஆயிரம் தாய்மார்களையும் எடுத்துக்கொண்டால், முதல் கூட்டத்தில் குறைமாதப் பிரசவமும் குழந்தை இறப்பும் கூடுதலாக இருக்கும். முதல் கூட்டத்திலும் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து நன்றாகவே இருக்கும். ஆகவே அந்த வரிகள் உங்கள் மீது எழுதிய தீர்ப்பு இல்லை. எந்த மாதத்தில் எதைப் பிடித்திருந்தால் நிலைமை மாறியிருக்கலாம் என்று காட்டும் குறிப்பு. உங்கள் சீட்டை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 20 பேர் முதல் 28 நாட்களுக்குள் இறக்கிறார்கள். தமிழகத்தில் அது 9. இந்த இறப்புகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே நடக்கிறது. குறைமாதம், பிரசவ நேரத்து மூச்சுத்திணறல், கிருமித் தொற்று, பிறவிக் குறைபாடு ஆகிய நான்கும்தான் பெரும் காரணங்கள். உங்கள் மகனுக்கு முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து வந்திருக்கின்றன. அவை தனித்தனியாக வந்தவையும் இல்லை. ஒன்றின் வாலை மற்றொன்று பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. எப்படி என்று சொல்கிறேன்.

ஐந்தாம் மாத நீர்க்கடுப்பில் தொடங்க வேண்டும். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடும். வளரும் கர்ப்பப்பையும் அவற்றை அழுத்தும். சிறுநீர் தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி பெருகும். ஷிப்டில் எழுந்து போக முடியாமல் அடக்கி வைப்பதும், போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இதை மோசமாக்கும். மாத்திரை இரண்டு நாள் போட்டதும் எரிச்சல் நிற்கும். கிருமியின் எண்ணிக்கை குறைந்ததால் எரிச்சல் நின்றதே தவிர, கிருமி ஒழிந்ததால் இல்லை. மிச்சமிருப்பவை, அந்த மருந்துக்கு ஓரளவு தாக்குப்பிடித்தவை, மறுபடி பெருகும். இந்த முறை எரிச்சலே இல்லாமல் இருக்கலாம். அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பது கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேருக்கு உண்டு.

சிறுநீர்ப் பாதையிலோ பிறப்புறுப்பிலோ இப்படித் தொற்று இருந்தால் உடம்பு அதை எதிர்க்கச் சில ரசாயனங்களைச் சுரக்கும். அவற்றில் ஒன்றான புராஸ்டாகிளாண்டின்தான் பிரசவ வலியைத் தூண்டுவது. கீழிருந்து மேலேறும் கிருமி பனிக்குடச் சவ்வையும் நைய வைக்கும். வலி இல்லாமல் பனிக்குடம் மட்டும் முன்னதாக உடைவதற்கு இப்படிப்பட்ட தொற்று ஒரு முக்கியக் காரணம். உங்களுக்கு அப்படித்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பு அதிகம்.

சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் இதற்குப் போதாது. அடுத்த கர்ப்பத்தில் முதல் முறை போகும்போதே, சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். சாம்பிள் எடுக்கும் முறையும் முக்கியம். தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் லேபில் கொடுக்கும் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிட வேண்டும். வீட்டில் பிடித்து வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோனால் பல கிருமிகள் கலந்து வளர்ந்து ரிசல்ட் பயன்படாமல் போகும். கிருமி இருந்தால் கொடுத்த மாத்திரையைக் கடைசி வரை முடித்து, ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு கல்ச்சர் எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது கல்ச்சரைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது ரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும். 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமை. உங்கள் 8.1 நடுத்தரம். ஆனால் அதை ஏழாம் மாதத்தில் கண்டுபிடித்தால் திருத்த நேரம் போதாது. ரத்தம் குறைந்த தாயின் நச்சுக்கொடி குழந்தைக்கு வேண்டிய பிராணவாயுவையும் சத்தையும் முழுதாகக் கடத்தாது. குழந்தை எடை குறையும், குறைமாதப் பிரசவ வாய்ப்பு கூடும், தாயின் நோயெதிர்ப்பும் சோரும். நீங்கள் கர்ப்பத்துக்கு முன்பே 40 கிலோதான் என்பதால், தொடக்கத்திலிருந்தே இருப்பு குறைவாக இருந்திருக்கும்.

‘மாத்திரை சாப்பிட்டேனே, ஏறவில்லையே’ என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரையை டீ, காபி, பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்தால் பாதிகூட உறிஞ்சப்படாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு சாப்பிட்டால் நன்றாக ஏறும். வெறும் வயிற்றில் குமட்டினால் இரவு படுக்கும்போது போடுங்கள். மலம் கறுப்பாகப் போவது மருந்து உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை. பீட்ரூட் ஜூஸை நம்பிக் காசைக் கரைக்காதீர்கள். பீட்ரூட்டின் சிவப்பு வேறு, ரத்தத்தின் சிவப்பு வேறு. சுவரொட்டி, முட்டை, நெத்திலிக் கருவாடு, முருங்கைக்கீரை, கடலைமிட்டாய் எல்லாம் நல்லது. ஆனால் 8-ல் இருப்பவரைச் சாப்பாடு மட்டும் 12-க்குக் கொண்டுபோகாது.

ஆகவே கர்ப்பம் தரிக்கும் முன்பே, இப்போதே, முழு ரத்தப் பரிசோதனை எடுங்கள். அதில் ஹீமோகுளோபினோடு ரத்தச் சிவப்பணுவின் அளவும் வரும். முடிந்தால் இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். முறையாக மாத்திரை எடுத்தால் ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒரு கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் குடற்புழு, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, பரம்பரை ரத்தக் கோளாறான தலசீமியா ஆகியவற்றைத் தேட வேண்டும். அத்தை மகனை மணந்திருப்பதால் தலசீமியா சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இருவரும் அதைச் சுமப்பவர்களாக இருந்தால் முன்கூட்டியே தெரிய வேண்டும். இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றுவதும் இப்போது எளிது. ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அதைத் தருவதில்லை. கர்ப்பத்துக்கு முன் என்றால் தடையில்லை. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும். அப்போதுதான் சேமிப்பு நிறையும். எடையைக் குறைந்தது 42 கிலோவுக்காவது கொண்டுவாருங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததுதான் காரணமா என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தாலும் மனதில் இருக்கும். முறைப் பிள்ளைகளுக்குள் திருமணம் ஆனால் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று என்பதிலிருந்து நான்கு, ஆறு என்று ஏறக்குறைய இருமடங்காகிறது. உங்கள் மகனுக்குப் பிறவிக் குறை எதுவும் சீட்டில் இல்லை. அதனால் இந்த இழப்பை அந்தக் கணக்கில் எழுத முடியாது. அடுத்த முறை 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள், அது போதும்.

இனி அந்த இரவு. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் நீங்கள் உண்மையைக் கேட்டிருக்கிறீர்கள். பனிக்குடம் உடைந்த பிறகு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அதுவரை குழந்தையைக் கிருமியிடமிருந்து மூடி வைத்திருந்த கதவு அது. 18 மணி நேரத்தைத் தாண்டினால் குழந்தைக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடுகிறது. உங்களுக்கு உடைந்ததிலிருந்து பிறந்தது வரை 21 மணி நேரம். நடுவில் காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் என்றால் கர்ப்பப்பைக்குள் கிருமி சேர்ந்துவிட்டது என்றுதான் மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் குழந்தையை உள்ளே வைத்திருப்பது இருவருக்கும் ஆபத்து.

‘வலி வராமல் போனால் கத்தி’ என்ற பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவம் அறுவைச் சிகிச்சை. ஊரில் பயம் வராமல் என்ன செய்யும்? ஆனால் உங்கள் நிலையில் நடப்பது அதற்கு நேர்மாறு. 34 வாரத்துக்கு முன் பனிக்குடம் உடைந்து, காய்ச்சலும் தொற்று அறிகுறியும் இல்லாமல் வந்தால், நாங்கள் அவசரப்பட்டுப் பிரசவம் பார்க்க மாட்டோம். ஆன்டிபயாடிக் கொடுத்து, படுக்கையில் சேர்த்துக் கண்காணித்து, இயன்றவரை நாட்களைத் தள்ளத்தான் பார்ப்போம். அந்த வீட்டில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. கர்ப்பிணிகளுக்கு ஏழாம் மாதமே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. சொல்லாமல் விட்டது உங்கள் தவறு ஆகாது, உங்கள் மாமியாரின் தவறும் ஆகாது.

நாட்களைத் தள்ளுவதற்கு ஒரு முக்கியமான நோக்கம் உண்டு. உங்களுக்குப் போட்ட அந்த ஒரு ஊசி டெக்ஸாமெத்தசோனாக இருந்திருக்கும். குறைமாதக் குழந்தையின் நுரையீரல் விரிய ஒரு வழுவழுப்பான பூச்சு தேவை. அது பெரும்பாலும் 34 வாரத்தை ஒட்டித்தான் போதுமான அளவு சுரக்கும். தாய்க்கு இந்த மருந்தைப் போட்டால் அது முன்கூட்டியே சுரக்கும். நியூசிலாந்தில் கிரஹாம் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டிகளில் தற்செயலாகக் கவனித்தது இது. பிழைக்கவே கூடாத குறைமாதக் குட்டிகள் மூச்சு விட்டன. ராஸ் ஹோவியுடன் சேர்ந்து அவர் தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு 1972-இல் வெளிவந்தது. மொத்தம் நான்கு ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் 6 மில்லிகிராம். முதல் ஊசி போட்டு 24 மணி நேரம் கழிந்து, ஏழு நாட்களுக்குள் பிறந்தால்தான் முழுப் பலன். உங்களுக்கு முதல் ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவே சில மணி நேரமே இருந்தது. ஒரு ஊசி போட்டதும் சரியே. நான்கையும் முடிக்க நேரமில்லை என்றாலும் முதலாவதைப் போட்டுவிட வேண்டும் என்பதே முறை.

இன்னொன்றும் உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்கு நோயெதிர்ப்புப் பொருட்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு மாதங்களில்தான் நச்சுக்கொடி வழியாகப் போகின்றன. 31 வாரத்தில் பிறந்த குழந்தை அந்தச் சீதனம் இல்லாமல் வருகிறது. அதனால்தான் பெரிய குழந்தை தாங்கிவிடும் அதே தொற்றை 1,380 கிராம் குழந்தை தாங்குவதில்லை.

அடுத்த கர்ப்பம் எப்போது? உயிரோடு பிறந்த பிரசவத்துக்குப் பின் 24 மாதம் கழித்து அடுத்த கர்ப்பத்துக்கு முயலலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தையை இழந்தவரிடம் இரண்டு வருடம் பொறு என்று சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆறு மாதத்துக்குள் மறுபடி கர்ப்பமானால் குறைமாதப் பிரசவ வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. ஒரு வருடம் என்பதைக் குறைந்த எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றரை வருடம் என்றால் இன்னும் நல்லது. காலண்டரைவிட ஹீமோகுளோபினும் எடையும் எனக்கு முக்கியம். அவை சரியாகும் முன் முயலாதீர்கள்.

பால் கொடுக்கும் தாய்க்கு இயற்கையாகக் கிடைக்கும் இடைவெளி உங்களுக்குக் கிடையாது. கருமுட்டை சீக்கிரமே வெளிவரத் தொடங்கியிருக்கும். ஆகவே கருத்தடை தேவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி உங்களுக்குச் சரிப்படாது. நிறுத்திய பின்னும் கருத்தரிக்கப் பல மாதம் ஆகலாம். காப்பர்-டி போட்டால் மாதவிடாய் ரத்தப்போக்கு கூடும், ரத்தசோகையோடு அது வேண்டாம். ஆணுறை போதும். அல்லது அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் சாயா மாத்திரை: முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. அதில் மாதவிடாய் குறைந்தும் தள்ளியும் வரும், உங்களுக்கு அது நல்லதே.

கருத்தடையை நிறுத்துவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். தைராய்டு, சர்க்கரை, ரத்த வகை, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் ஆகியவற்றை ஒரே தடவையில் பார்த்துவிடுங்கள். சிபிலிஸ் இருந்தால் கணவருக்கும் சிகிச்சை வேண்டும். உங்களுக்கு மட்டும் கொடுத்தால் திரும்பி வரும். வீட்டில் யாராவது பீடி பிடித்தால் வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள். விறகடுப்புப் புகையும் புகையிலை போட்ட வெற்றிலையும் குழந்தையின் எடையைக் குறைப்பவை.

ஒருமுறை குறைமாதத்தில் பிறந்திருந்தால் மறுபடி அப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு. அதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அடுத்தது முழு மாதத்தில்தான் பிறக்கிறது. கர்ப்பம் உறுதியானதுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து, ‘முதல் குழந்தை 31 வாரத்தில் பிறந்து மூன்றாம் நாள் இறந்தது’ என்ற வரியைத் தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி உங்களை அதிக ஆபத்துள்ள கர்ப்பிணி என்ற பட்டியலில் சேர்க்கும். 11 முதல் 13 வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்தால் வாரக் கணக்கு சரியாக இருக்கும். பின்னால் ஊசி, சிகிச்சை எல்லாம் அந்தக் கணக்கை நம்பித்தான் நடக்கும்.

16 வாரத்திலிருந்து 24 வாரம் வரை, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் கர்ப்பவாயின் நீளம் பார்க்க வேண்டும். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் சரியாக அளக்க முடியாது. வலி இருக்காது, குழந்தைக்கு ஆபத்தும் இல்லை. 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இரவில் உள்ளே வைக்கும் 200 மில்லிகிராம் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரையோ, கர்ப்பவாயில் தையலோ தேவைப்படலாம். வாரம் ஒரு புரோஜெஸ்ட்ரோன் ஊசி போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரோன் கேப்ரோயேட் என்ற அந்த ஊசிக்கு அமெரிக்க மருந்து ஆணையம் கொடுத்திருந்த அனுமதி 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. குறைமாதப் பிரசவத்தை அது தடுப்பதாக மறு ஆய்வில் நிரூபணமாகவில்லை. யாராவது எழுதிக் கொடுத்தால் காரணம் கேளுங்கள். ‘படுத்தே இரு’ என்ற யோசனைக்கும் பலன் இல்லை. படுக்கையிலேயே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், தசை தளரும். ஆனால் இரவு ஷிப்டும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே செய்யும் வேலையும் வேண்டாம். மருத்துவரிடம் சீட்டு வாங்கிப் பகல் ஷிப்ட் கேளுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்குப் போக அனுமதி வேண்டும் என்று அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இந்தப் பதிலைப் படிக்கும் மற்ற கர்ப்பிணிகளுக்காகச் சில வார்த்தைகள். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 160/110 என்றாலோ, தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முக வீக்கம் சேர்ந்தாலோ அது அவசரம். முன்பு ரத்த அழுத்தம் வந்தவர்களுக்கு மூன்றாம் மாத முடிவிலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் உதவும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை 140-ஐத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. ரத்த வகை நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்றால் 28-வது வாரத்திலும் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி.

மறுபடி உங்களிடம் வருகிறேன். 28 வாரம் தொடங்கியதும் ஒரு தாளில் இரண்டு விஷயத்தை எழுதிக் கதவில் ஒட்டுங்கள்: பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, இரவு இரண்டு மணிக்கு அங்கே போக என்ன வண்டி. பக்கத்துத் தெருவில் நர்சிங் ஹோம் இருக்கிறதே என்று போகாதீர்கள். பிறந்த பிறகு குழந்தையை மாற்றுவதைவிட வயிற்றில் இருக்கும்போதே கொண்டுபோவது மிகப் பத்திரம். தாயின் வயிற்றைவிட நல்ல இன்குபேட்டர் எந்த ஆம்புலன்ஸிலும் இல்லை. 108-ஐக் கூப்பிடும்போதே ‘குறைமாதம், பனிக்குடம் உடைந்துவிட்டது’ என்று சொல்லுங்கள்.

பனிக்குடம் உடைந்தது என்று எப்படித் தெரியும்? வெதுவெதுப்பான நீர், அடக்க நினைத்தாலும் நிற்காது, சிறுநீர் வாடை இருக்காது. சில சமயம் மடை திறந்தாற்போல் வராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். சந்தேகம் என்றாலும் போய்விடுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தமான நாப்கின் வைத்து நிறத்தைப் பாருங்கள். பச்சையாகவோ ரத்தமாகவோ இருந்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். உள்ளே கை விட்டுப் பார்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள். மருத்துவமனையிலும் வலி இல்லாதபோது கருவி வைத்துப் பார்ப்பதே முறை, திரும்பத் திரும்ப விரல் விட்டுப் பார்த்தால் கிருமியை மேலே ஏற்றிவிடும். கொடி போல ஏதாவது வெளியே தெரிந்தால் முழங்கால் போட்டு, தலையைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்திய நிலையிலேயே வண்டியில் ஏறுங்கள்.

பிறந்த பிறகு, குழந்தை எடை குறைவாக இருந்தால் ‘என் நெஞ்சில் போடுங்கள்’ என்று கேளுங்கள். தோலோடு தோல் ஒட்டி வைக்கும் கங்காரு பராமரிப்பைக் குழந்தையின் நிலை சீரான பின்புதான் தொடங்க வேண்டும் என்று முன்பு சொன்னோம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே அதைத் தொடங்கியபோது இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ‘ஒரு முறைதான் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை அப்படி இருக்க வேண்டியதில்லை. சேனை, கழுதைப்பால், தொப்புளில் மருந்து எதுவும் வேண்டாம். முதல் நாள் குளிப்பாட்டவும் வேண்டாம்.

தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், செத்துவிடலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் கையில் இல்லாத ஒரு தாள் இருக்கிறது. தொற்று என்று சந்தேகப்பட்ட குழந்தைக்கு ரத்தத்தில் கல்ச்சர் எடுத்திருப்பார்கள். அதன் முடிவு வர இரண்டு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். உங்கள் மகன் மூன்றாம் நாளே போய்விட்டதால், முடிவு வந்தபோது அதை வாங்க யாரும் அங்கே இருந்திருக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள உள்நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு, தாய், குழந்தை இருவரின் கல்ச்சர் முடிவுகளையும் தரும்படி மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால் அடுத்த பிரசவத்துக்கு அது நேரடியாக உதவும். உதாரணமாக, பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று வந்தால், அடுத்த முறை பிரசவ வலி தொடங்கியதுமே உங்களுக்குப் பெனிசிலின் ஏற்ற வேண்டும். அந்தத் தாளையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் ஒரே கவரில் போட்டு, முதல் செக்கப்புக்குப் போகும்போது எடுத்துப் போங்கள்.